ஆறாவது போன்

— அப்பாவோட கறுப்புக் கோட்டு எங்கடா லெஸ்? பீரோவுலயா?

— கேளுக்கா. கோட்டு வேணாம். அவரோட பேஸ்பால் டீம் சட்டை போட்டு அனுப்புவோம். பாதி மில்வாக்கிக்காரன் அந்தச் சட்டையோடதான் புதையறான்.

— நீ பேசாத. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா ஆஸ்பத்திரியில நான் ஒருத்தி அல்லாடறேன். உனக்கு பஸ் ஓட்டற வேலையும் கிடையாது அன்னிக்கு. சாசேஜும் பீருமா டிவி முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு போனை எடுக்கல. பத்து நிமிஷ தூரம்டா, பாவி!

— ஒம்பதுல எட்டு இன்னிங்ஸ் முடிஞ்சாச்சுக்கா. எதிராளிக்கு ஒரு ஹிட் இல்ல. நம்ம கோர்டெரோ பந்து போடறான், ஒருத்தனாலயும் அடிச்சு ஓட முடியல. ஆயிரம் ஆட்டத்துல ஒண்ணு அப்படி அமையாது.

— எனக்கு ஆட்டக் கதை வேணாம்.

— கேளுக்கா! அப்படி ஓடிட்டிருக்கும்போது நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது. எதையும் தொடக் கூடாது. யார் போட்ட சட்டம்? அப்பா போட்டது. அஞ்சாங்கிளாஸ்ல நான் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன், அடுத்த பந்தே ஹிட். ஒரு வாரம் என்கூடப் பேசல மனுஷன்.

— ஆமா, ஆமா. நீ பொறக்கறப்ப அம்மா வலியில கத்தினாங்களாம், அப்பவும் எந்திரிக்கலையாம். பெருமையா வேற சொல்லுவார்.

— ஹிட்டே இல்லாத ஆட்டம் ஒண்ணாவது முழுசாப் பாத்துடணும்னு நாப்பது வருஷமாக் கிடந்தவர். அவருக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

— அவருக்காகவா? எட்டாவது இன்னிங்ஸ்ல ஆஸ்பத்திரி டிவியை அணைக்கச் சொல்லிட்டார்டா அவர்.

— பொய். அப்பாவா? ஹிட் இல்லாம ஓடும்போதா?

— நர்ஸைக் கேளு. அணைச்சுட்டு வாசலையே பாத்துட்டிருந்தார். நீ வந்தப்ப முகத்தை மூடியாச்சு.

— நான் வந்திருப்பேன்க்கா. ஒம்பதாவதுல ரெண்டு பேர் அவுட், ஒரே ஒருத்தன் பாக்கி. கார் சாவிகூடப் பையில. அஞ்சு தடவை போன் அடிச்சப்போ பல்லைக் கடிச்சுட்டு இருந்தவன், ஆறாவது தடவைக்குக் கையை நீட்டிட்டேன். தொடக்கூட இல்ல. அந்த நிமிஷமே அந்தக் கடைசி ஆள் ஹிட் அடிச்சுட்டான். எல்லாம் போச்சு. உன்னாலதான்.

— என்னாலயா?

— வேற யாரால? உன் நம்பர்தானே?

— அப்பன் செத்துக் கிடக்கறார், இவனுக்கு ஹிட்டு! போன் என்னோடது. அந்த ஆறாவது தடவை அடிச்ச விரல் என்னோடது இல்ல. வாய்ஸ் மெசேஜ் கேட்டியா?

— இல்ல. நீ திட்டியிருப்பேன்னு விட்டுட்டேன்.

— இப்பக் கேளு. சத்தமா வை.

— அக்கா, வேணாம்.

— வைடா!

— “லெஸ்... அப்பா பேசறேன். ஆட்டம் கெட்டாக் கெடட்டும்டா. எந்திரிச்சு வா.”