லா லீனியா ஏற்றத்தில் கேட்ட துடிப்பு

விடியற்காலை மூன்று பத்து. லா லீனியா மலையேற்றம். மூடுபனியில் முன்விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. எதிரே ஒரு லாரிகூட இல்லை...

இது என் தோழி யொலிமாவின் அண்ணன் ஒவிடியோவுக்கு நடந்தது. நம்பாவிட்டால் அவளையே கேளுங்கள்.

ஆம்புலன்ஸின் பின்பக்கம் ஒவிடியோ, ஒரு டாக்டரம்மா, படுக்கையில் லெய்டி. லெய்டிக்கு இருபத்தாறு வயது, பள்ளிக்கூட ஆசிரியை. நாலே நாள் காய்ச்சல். அது இதயத் தசையில் இறங்கி, இதயம் அசையாமல் போய்விட்டது. தொடையில் செருகிய தடித்த குழாய் வழியே கருஞ்சிவப்பு ரத்தம் இதயத்தின் வேலையைச் செய்யும் இயந்திரத்துக்குள் போய், இன்னொன்றில் பளீரென்று சிவந்து திரும்பியது. இயந்திரம் ஒவிடியோவின் பொறுப்பு. அவளுக்கு உயிர் இருந்தது... நாடி இல்லை. திரையில் நாடிக் கோடு நேராக ஓடியது. இதய வால்வு கொஞ்சமாவது திறக்காவிட்டால் உள்ளே ரத்தம் உறைந்துவிடும்.

டொக்-டொக்... டொக்-டொக்.

"எதுக்குய்யா தம்பி தடுப்பத் தட்டிக்கிட்டே வர்ற?" தடுப்புச் சுவருக்கு முன்னாலிருந்து ஓட்டுநர் அல்டெமார் கத்தினார்.

"நான் எங்கண்ணே தட்டினேன்? நீங்கதான் வழக்கம்போல விளையாடுறீங்க!"

அல்டெமார் பெரிய குறும்புக்காரர். ஒவிடியோ நம்பவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னான். இன்ஜின் அணைந்தது. தடுப்பிலிருந்த கண்ணாடி வழியே அல்டெமார் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

டொக்-டொக்.

டாக்டரம்மா ஸ்கேன் கருவியை லெய்டியின் மார்பில் வைத்தார். இதயம் கல்லாகக் கிடந்தது. ஒவிடியோ தடுப்பில் காதை வைத்தான். சத்தம் ஓட்டுநர் இருக்கைப் பக்கம்...

"கிளம்புங்க அண்ணே," என்றான். ஆனால் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சுரங்கப்பாதைக்குள் நுழைந்தார்கள். ஈரத்துணி கருகிய வாடை. சத்தம் பட்டென்று நின்றது. அதே நொடி திரையில் கோடு ஒரு முறை எழும்பியது. மறுபடியும்.

"திறக்குது! வால்வு திறக்குதுப்பா!" டாக்டரம்மா அழுதேவிட்டார்.

ஆறாம் நாள் குழாய்களை எடுத்தார்கள். லெய்டி எழுந்து உட்கார்ந்து சூடாகக் குடிக்கச் சாக்லேட் கேட்டாளாம்.

ஒவிடியோவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. வண்டிக் கொட்டகைக்கே போனான். அல்டெமார் அரேப்பா என்ற சோள ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. அன்னிக்கு என்ன தந்திரம் பண்ணினீங்க?"

"தந்திரமா? போடா. அன்னிலேருந்து எனக்குத்தான் உடம்பு ஒரு மாதிரி இருக்கு. நாடி பாரு."

கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஒவிடியோ மணிக்கட்டில் விரல் வைத்தான். பிறகு கழுத்தில். பிறகு மார்பில் காதை வைத்தான்.

உள்ளே எதுவும் கேட்கவில்லை... அல்டெமார் மெல்லும் சத்தம் மட்டும்.