கலங்கரை விளக்குப் படம் படகுப் படமாக மாறிய விவரம்

பெயர் யென் தூ-ஷுய். வயது எழுபத்திரண்டு. இருப்பிடம் காவ்சுங் நகர், ச்சியன்ஜென் மீன்துறை, ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்சந்து. தொழில், மேற்படி தொழிற்சாலை மாடியில் இருந்த ஃபாங் வென்-சாங் என்பவருடைய மென்பொருள் கம்பெனியில் காவலும் தேநீர் போடுவதும். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதிக்கொள்கிறார்.

பெரிய நிலநடுக்கத்தில் மலைப்பக்கத்து ஊர்கள் விழுந்து, அதற்கு அடுத்து பஞ்சாங்கப்படி வந்த டிராகன் வருஷம், ஐம்பது வருஷமாக ஆண்ட கட்சி தேர்தலில் தோற்றது. நான் சொல்வது அந்த வருஷத்து விவரம். தேர்தல் முடிந்த பத்தாம் நாள், படகுகளில் ஏறும் ஆள், ஐஸ், எண்ணெய் இவற்றைப் பதிந்துவைக்கும் புரோகிராம் ஒன்றை தென்துறை மீன்படகுச் சங்கத்துக்குச் செய்து தர ஃபாங் ஒப்புக்கொண்டார். அதை எழுதியவர் யெ சு-பிங் என்ற பெண், அப்போது வயது முப்பத்தொன்று. இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் அவர்தான்.

எழுதி முடித்ததைச் சோதித்துப் பார்க்கிற வேலை எனக்கு. "எழுத்தே தெரியாத இவர் திறந்துட்டா, துறையில எவனும் திறந்துருவான்" என்று ஃபாங் எல்லோரிடமும் சொல்வார். எனக்குக் கோப்பின் பெயர் தெரியாது, அதன் மேல் இருக்கிற படம் தெரியும். எங்கள் கோப்புக்குப் படகுப் படம். சங்கத்தில் ஏற்கெனவே வேறு கம்பெனியின் புரோகிராம் ஒன்று இருந்தது. படகுகள் ரேடியோவில் சொல்கிற இடத்தை அதில் பதிவார்கள். அதன் கோப்புக்குக் கலங்கரை விளக்குப் படம்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் உண்டு என்றும், அந்த வாலைப் பார்த்துத்தான் இது யார் வீட்டுப் பிள்ளை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்றும் சு-பிங் எனக்குச் சொல்லியிருக்கிறார். என் கோப்பு இன்ன வகை, இன்ன வால், இன்ன படம், அதை நான் பார்க்க மட்டும் செய்வேனா திருத்தவும் செய்வேனா என்று ஒவ்வொரு புரோகிராமும் முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுத்துவைக்க வேண்டுமாம்.

அதன் பிறகு அந்த வாலுக்கு எழுத்து தேர்ந்தெடுக்க, மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் நிலதேவன் கோயிலுக்கு ஃபாங், சு-பிங், நான் மூன்று பேரும் போனோம். ஆரஞ்சுத் தட்டை நான் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று சீட்டில் மூன்று வால் எழுதியிருந்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஃபாங் சாமியிடம் குறி கேட்கும் பிறைக்கட்டைகள் இரண்டையும் போட்டார். இரண்டாவது சீட்டுக்கு மூன்று தடவையும் ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்து விழுந்தது, அதாவது சாமி சம்மதம். அந்தச் சீட்டில் இருந்த முதல் எழுத்து தூண்டில் முள் மாதிரி, அடுத்தது ஒற்றைப்படி ஏணி மாதிரி, கடைசி எழுத்து முழுநிலா மாதிரி. அதிகாரி JHO என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். அதேதான்.

அதன் பிறகு ஐந்தாம் மாதம் எட்டாம் தேதி, சங்கத்துக் கோப்புகளின் நகல் இருந்த கம்ப்யூட்டரில் எங்கள் புரோகிராமை ஏற்றிச் சோதித்தேன். ஏற்றுவதற்கு முன் அதில் இருபத்திரண்டு கலங்கரை விளக்கு இருந்தது, நான் எண்ணியிருக்கிறேன். ஏற்றிய பிறகு ஒரு விளக்கும் இல்லை. இருபத்திரண்டும் படகாகிவிட்டன. சு-பிங்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கையிலிருந்த சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு ஒரு கோப்பைத் திறந்தார். எங்கள் படிவம் வெறுமையாக வந்தது. "பெரியப்பா, அவங்க வாலும் இதேதான். இதை இப்படியே மூடி சேமிச்சா உள்ள இருக்கிறது மொத்தமும் போயிரும்" என்றார்.

அதன் பிறகு அவர் ஃபாங்கிடம் போனார், நானும் தேநீரோடு போனேன். வாலை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்நியக் கோப்பை அடையாளம் கண்டு மறுக்கும்படி எழுதப் பத்து நாள் வேண்டும் என்று கேட்டார். ஃபாங், "மூணு தடவை தலையாட்டின சாமிகிட்ட போய், தப்பு, மறுபடி சொல்லுன்னு நிக்கச் சொல்றியாம்மா?" என்றார். சு-பிங், "நல்ல பேரான்னுதான் நீங்க கேட்டீங்க முதலாளி. வேற யாராவது வச்சிருக்காங்களான்னு கேக்கலியே" என்றார். "அப்ப அதை நீ போய்க் கேளு. ஆரஞ்சு உன் செலவு" என்று ஃபாங் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு சு-பிங் ஒரு தாளில் எச்சரிக்கை எழுதி, தன் பெயரும் தேதியும் போட்டு, சங்கத்து கம்ப்யூட்டரில் ஒட்டும்படி, புரோகிராமை அனுப்பும் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியை மூடும்போது ஃபாங் அதை எடுத்துவிட்டார். "இதைப் பார்த்தா வாங்குறவன் பயந்துருவான், தூக்கிப் போடுங்க" என்று என்னிடம் நீட்டினார். எழுத்துள்ள காகிதத்தை நான் குப்பையில் போடுவதில்லை. என் அப்பாவும் போட்டதில்லை. சேர்த்துவைத்துக் கோயில் சூளையில் எரிப்பேன். தாளைத் தேயிலைத் தகரத்துக்கு அடியில் வைத்தேன்.

அதன் பிறகு சங்கத்துக்குப் போய் ஹோங் யூ-சியா என்ற எழுத்தர் அம்மாவுக்குப் புரோகிராமைப் பழக்கிக் கொடுத்தது நான். வேறு ஆள் அன்று இல்லை. மூடும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ கேட்கும், இடது பக்கப் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது இடமும் வலமும்தான். "பொத்தான்ல என்ன போட்டிருக்குன்னு பார்க்க வேணாமா மாமா?" என்று அவர் கேட்டதற்கு, "எதுக்கும்மா, எல்லாம் இடதுதான்" என்றேன்.

ஏழாம் மாதம் நான்காம் தேதி காலை ஆறு மணிக்கு 'யுங்-செங்' படகு தன் இடத்தை ரேடியோவில் சொன்னது. ஹோங் அம்மா விளக்குப் புரோகிராமில் பதிந்தார். மத்தியானம் புயல் செய்தி வந்ததும் சரிபார்க்க, விளக்குப் புரோகிராம் வழியாகப் போகாமல் அந்தக் கோப்பின் படத்தையே இரண்டு தட்டு தட்டினார். வெறும் படிவம் வந்தது. தவறான கோப்பு என்று நினைத்து மூடினார். பெட்டி கேட்டது, இடது பொத்தானை அழுத்தினார். அது சேமிக்கிற பொத்தானாம், காலையில் பதிந்த இடம் அதோடு அழிந்துபோனது. சாயங்காலம் படகு பேசவில்லை. முந்தின நாள் இடத்தை வைத்துக்கொண்டு வடக்கே இரண்டு நாள் தேடினார்கள். படகின் உயிர்காப்பு மிதவை தெற்கே மூன்றாம் நாள் அகப்பட்டது.

அதன் பிறகு போலீஸ் வந்து என்னைக் கேட்டபோது, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். முதல் பாதி உண்மை. இடது பொத்தான் சங்கதி வெளியே வந்தால் என்னையும் உள்ளே வைப்பார்கள் என்று பயந்தேன். இன்றும் பயம் இருக்கிறது. சு-பிங் எச்சரிக்கை எழுதியதைச் சொன்னார். அப்படி ஒரு தாளே கிடையாது என்று ஃபாங் சொன்னார். ஹோங் அம்மா தான் எந்தத் தாளையும் பார்க்கவில்லை என்றார், அது நிஜம். தாள் என் வீட்டில் இருந்தது. இரண்டு தடவை சூளை வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, மிதவையில் உயிரோடு கிடைத்த ஆளை டோங்காங்கில் அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். கொண்டுபோன மீன் உருண்டை சூப்பை அவர் குடிக்கவில்லை. "காலையில இடத்தை ரெண்டு தடவை சொன்னேன் மாமா. சரி, பதிஞ்சாச்சுன்னு அந்தம்மா சொல்லிச்சு. அப்புறம் ஏன் யாரும் வரல? ரெண்டு நாள் எல்லாரும் உயிரோடதான் இருந்தோம்" என்றார். பதிந்தார் என்று மட்டும் சொன்னேன். அங்கிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போய்த் தாளை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தேன்.

தாளை ஒப்படைத்திருக்கிறேன். மடிப்பில் இருக்கும் கறை தேயிலைக் கறை. எழுதியதை அதிகாரி இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். என் வாயிலிருந்து வந்ததுதான் அதில் இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, யார் மிரட்டியும் சொல்லவில்லை. பொத்தான் சங்கதியையும் அடித்து நீக்காமல் அப்படியே விடும்படி கேட்டுக்கொண்டு, இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

படகில் போனவர்கள் ஆறு பேர். ஐந்து பேருடைய பெயரும் சங்கத்து வாசல் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆறாவது ஆளின் பெயரையும் இதில் சேர்க்கச் சொன்னேன். உயிரோடிருப்பவர் அவர் ஒருவர்தான். ரேடியோ பேசியவர், வயது இருபத்தேழு, பான் ஜி-லோங்.