மணி அடிக்குதும்மா

எனக்குக் குளிர் பிடிக்கும். நீங்கள் வெயிலில் மூட்டை சுமந்தவராக இருந்தால் இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டீர்கள், ஐயா. முதுகு விட்டுப்போன பிறகு ஆஸ்பத்திரி சர்வர் அறையில் காவலுக்குப் போட்டார்கள். பெருக்க வேண்டும், ஏசியைக் கவனிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதும் அங்கேதான்.

அங்கே ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்கள் குடித்தனம் நடத்தும். மருந்துக் கணக்குக்கு ஒன்று. கட்டிலில் நோயாளி பட்டனை அழுத்தினால் நர்ஸ் அறையில் மணி அடிக்கச் செய்ய இன்னொன்று. இவற்றை வேறு கம்பெனியின் ஏற்பாட்டுக்கு, வேறு கட்டடத்துக்கு மாற்ற ஓர் இன்ஜினியர் பெண் வந்தாள். மாற்றி முடித்தால் என் அறைக்குப் பூட்டு. எனக்கு மறுபடி மூட்டை.

பழையதை அவள் உடனே அழிக்கவில்லை, தூங்க வைத்திருந்தாள். புதியது கோளாறு செய்தால் பழையதை எழுப்பிக்கொள்ளலாம்.

"அண்ணே, எல்லாரும் குடிபோயாச்சு. மணிக்காரர் புது வீட்ல வாயத் திறக்குறாரான்னு மேல போய்ப் பாத்துட்டு வாங்க."

காலிக் கட்டிலில் பட்டனை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. அதைச் சொன்னால் உட்கார்ந்து சரிசெய்துவிடுவாள். வார்டில் நாலு பேர் கத்தி ரகளையானால்தான் இந்த மாற்றமே வேண்டாம் என்பார்கள் பெரியவர்கள்.

"அடிக்குதும்மா. காது கிழியுது."

சிரித்தாள். "அப்போ பழசுக்கு டாட்டா காட்டிரவா?"

தடுத்தால் சந்தேகப்படுவாள். எங்காவது ஒரு நகல் இருக்காதா என்றும் நினைத்தேன். "காட்டிரும்மா" என்றேன். அழித்துவிட்டாள்.

ரகளை தொடங்கிவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போனேன். கடைசி அறையில் ஒருவருக்கு ஆக்ஸிஜன் குழாய் கழன்றிருந்தது. எட்டி மாட்ட அவருக்குத் தெம்பில்லை. பட்டனை அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்தார். நர்ஸ்கள் பக்கத்து அறையில் பேசிச் சிரிப்பது கேட்டது. குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள். வந்திருந்தால் மணியை யார் குறை சொல்லியிருப்பார்கள்?

கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டன் மேல் அவர் கட்டைவிரல் ஓயும்வரை இருந்தேன்.

நகல் எதுவும் இல்லையாம். திரும்ப வழியில்லாமல் புதியதையே சரிசெய்தார்கள். அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள், என் அறையைப் பூட்டினார்கள்.

ஒன்றே ஒன்று. அவர் துணையில்லாமல் போகவில்லை. பட்டன் இல்லாத கையை நான் பிடித்திருந்தேன். அவர் வீட்டாரிடம் அதைச் சொல்லுங்கள், ஐயா. ஆறுதலாக இருக்கும்.