பின்பக்கத்து கேட்

அக்கா: இந்த மேப்புல எங்க வீடு எங்கடா?

தம்பி: டீ கிளாஸை அதுமேல வைக்காதேக்கா. கறை விழுந்துடும்.

அக்கா: விழட்டும். பழைய மில்லை இடிச்சுட்டு நானூறு வீடு வந்து விழப்போகுது. ஒரு கறைக்கு அழறான் இவன்.

தம்பி: இதோ, சந்துக் கடைசி. இதுதான் உங்க வீடு. எதிர்ல மில் சுவர்.

அக்கா: இத்தனூண்டுதானா... பேனா முனைய வெச்சா மறைஞ்சு போயிடுது.

தம்பி: சாப்பிட்டியா?

அக்கா: பேச்சை மாத்தாதே. இந்த நகராட்சியில வண்டி நெரிசலைப் பார்த்து ‘கட்டலாம், கட்டக்கூடாது’ன்னு எழுதறவன் நீதானே? எழுதிட்டியா?

தம்பி: எழுதிட்டே இருக்கேன்.

அக்கா: சின்ன வயசுல குளிச்சியான்னு கேட்டாலும் இதே பதில்தான். ‘குளிச்சுட்டே இருக்கேன்.’ தலையில ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது. இந்த ஃபைல் இவ்வளவு தடியா இருக்கே, இது யாரு கொடுத்தது?

தம்பி: கட்டறவங்க. போக்குவரத்து ஆய்வு. நானூறு வீடு வந்தாலும் ஜங்ஷன் தாங்கும்னு எழுதியிருக்கான். ஒரு வண்டி சராசரியா அரை நிமிஷம் கூடுதலா நிக்கணும், அவ்வளவுதானாம்.

அக்கா: சராசரியா... உங்க மாமா போன மாசம் ஆட்டோவுல மூச்சுக்குத் தவிச்சாரே, அந்த ஜங்ஷன்லதான். முன்னாடி தண்ணி லாரி, பின்னாடி ஸ்கூல் பஸ். உதடெல்லாம் நீலமாப் போச்சு. நான் இறங்கி ஒவ்வொரு வண்டியா கண்ணாடியைத் தட்டிக் கெஞ்சினேன். அது எந்தச் சராசரியில வருது?

தம்பி: அக்கா...

அக்கா: எல்லாரும் பாவமாத்தான் பார்த்தாங்க. நகர்றதுக்குத்தான் இடம் இல்லை. இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா கூட்டிட்டு வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காதுன்னுட்டாரு டாக்டர்.

தம்பி: நீ போன்ல சொன்னியே, ஞாபகம் இருக்கு.

அக்கா: அப்ப எப்படிடா தாங்கும்னு எழுதறான்? எப்ப வந்து எண்ணினான்?

தம்பி: அதை ஏன் கேக்கறே.

அக்கா: சொல்லேன்.

தம்பி: குழாய் பதிக்கிறேன்னு ஜங்ஷன்ல மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தாங்களே... அந்த வாரம்.

அக்கா: அந்த வாரமா? பலகை போட்டுத் தாண்டினோமேடா. சைக்கிள்கூடப் போகலையே.

தம்பி: வண்டியெல்லாம் வேற வழியா சுத்திப் போச்சு. இவன் ஆள் குடையை விரிச்சு உக்காந்து, வராத வண்டிய எண்ணிட்டுப் போயிருக்கான்.

அக்கா: சிரிக்கறதா அழறதான்னு தெரியலை.

தம்பி: இதுல பொய்னு ஒண்ணும் கிடையாதுக்கா. அதான் கொடுமை. அன்னிக்கு வந்த வண்டி அவ்வளவுதான்.

அக்கா: திரும்ப எண்ணுன்னு சொல்ல வேண்டியதுதானே?

தம்பி: நானா சொன்னா யாரு கேப்பாங்க? உங்க தெரு சங்கம் ஆட்சேபனை மனு கொடுத்துச்சு பாரு, அது இருந்தா சொல்லலாம். ‘ஜனங்க கேக்கறாங்க, மறுபடி எண்ணிட்டு வா’ன்னு. எனக்கிருந்த ஒரே பிடி அதான்.

அக்கா: இருந்ததுன்னா...

தம்பி: போன வாரம் வாபஸ் ஆயிடுச்சு. நீ சங்கத்துச் செயலாளர்தானே, உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?

அக்கா: ...அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வையேன்.

தம்பி: அது அவ்வளவுதான் சுத்தும். இது அந்த வாத்தியார் பண்ணின வேலையாத்தான் இருக்கும். சங்கத் தலைவர்னு சொல்லிக்கிட்டு விலை போயிட்டாரு.

அக்கா: அவரைச் சொல்லாதே. முட்டிவலியோட வீடு வீடா ஏறிக் கையெழுத்து வாங்கின மனுஷன்.

தம்பி: அப்ப வேற யாரு?

அக்கா: யாரோ. அவங்கவங்களுக்கு என்ன கஷ்டமோ. நீ சொல்லு. எழுதிட்டியா, இல்லையா?

தம்பி: ...எழுதிட்டேன்.

அக்கா: என்னன்னு?

தம்பி: கட்டலாம்னு. திட்டணும்னா திட்டுக்கா.

அக்கா: திட்டி என்ன ஆகப்போகுது. நீ விடமாட்டேன்னு நினைச்சிருந்தேன். அந்தத் தைரியத்துலதான்... சரி, விடு.

தம்பி: நான் எழுதலைன்னா என் சீட்டுல வேற ஒருத்தன் உக்காந்து எழுதுவான். மேலேருந்து அப்படி ஒரு நெருக்கடி. ஆனா சும்மா எழுதலை. உனக்காக ஒரு காரியம் பண்ணியிருக்கேன்.

அக்கா: எனக்காகவா?

தம்பி: இங்க பாரு. முன்வாசல் அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி ரோட்டுல. பின்பக்கம் உங்க வீட்டுக்கு நேர் எதிர்ல ஒரு கேட் வெச்சிருந்தான். அதைத் திறந்தா அத்தனை காரும் உங்க சந்துக்குள்ள பூந்துதான் ஜங்ஷனுக்குப் போகும். அதைத் தூக்கிட்டேன்.

அக்கா: தூக்கிட்டேன்னா?

தம்பி: கேட்டே கிடையாது. முழுச்சுவர். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் அனுமதின்னு நிபந்தனை போட்டேன். மறுபேச்சு இல்லாம சரின்னுட்டாங்க. எனக்கே ஆச்சரியம்.

அக்கா: மறுபேச்சு இல்லாமயா? ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா அவங்க?

தம்பி: ம்ஹூம். உத்தரவு நேத்தே போயிடுச்சு. இனிமே உங்க சந்துல வேத்து வண்டி ஒண்ணு நுழையாது.

அக்கா: அப்ப ஜங்ஷன்?

தம்பி: அது... எல்லாக் காரும் ஆஸ்பத்திரி ரோட்டைச் சுத்திக்கிட்டு அங்கதான் வரும். இப்ப இருக்கறதைவிட மோசமாத்தான் இருக்கும். அதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியலைக்கா.

அக்கா: அந்தச் சுவருல... ஒரு ஆம்புலன்ஸ் போற அளவுக்காவது வழி விடச் சொல்ல முடியாதா?

தம்பி: இனிமே யாராலயும் முடியாது. ஏன் உன் முகம் இப்படிப் போகுது? நல்லதுதானே பண்ணியிருக்கேன்?

அக்கா: மனுவை வாபஸ் வாங்கினது வாத்தியார் இல்லடா, நான். உங்க மாமாவுக்கு மூச்சு முட்டினா அந்தக் கேட்டைத் திறந்து விடறோம், ஜங்ஷனுக்கே போகாம உள்ளயே ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் போயிடலாம்னு கட்டறவங்க சொன்னாங்க. நீ தடுத்துட்டா தெரு பொழைக்கும், தடுக்கலைன்னா அவராவது பொழைப்பாருன்னு நினைச்சுத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.