புளுகன் துறை

மலேயாவுக்குக் கப்பல்ல ஆள் ஏத்திக்கிட்டிருந்த காலமாம். வெட்டாத்தங்கரையில நெய்விளாகம்னு ஒரு ஊரு, அதுல எங்க கீழத்தெரு. தெருன்னா பெருசா நெனைச்சிராதீங்க, ஒரு கோழிய வெரட்டுனா தெரு முடிஞ்சிரும். அங்கேருந்து ஆறு பேரு ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போனாங்களாம். அஞ்சு பேரு கல்யாணம் ஆனவங்க. ஆறாவது ஆளு உத்தண்டி, கட்டிக்காத பய. அந்த அஞ்சுல ஒருத்தருதான் நடேசன், எங்க பூட்டன். அவரு பொண்டாட்டி தைலம்மை, எங்க பூட்டி.

போனாங்களாம். காசு வந்துச்சாம், சேதி வந்துச்சாம். அப்புறம் சண்டை வந்துச்சாம், ரெண்டும் நின்னு போச்சாம். தோட்டத்து ஆளுங்கள எல்லாம் சப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போட அள்ளிட்டுப் போயிட்டான்னு மட்டும் காத்துவாக்குல வந்து காதுல வுழுந்துச்சாம்.

சண்டை முடிஞ்சுது. நாகப்பட்டினத்துக்குக் கப்பல் வருது, போவுது, நம்ம ஆளுங்க வரல. ஊர்ப் பெரியவங்க கூடிப் பேசுனாங்களாம். "இருக்கானா செத்தானான்னு தெரியாம எத்தனை காலத்துக்குப் பூ வச்சிக்குவீங்க? அடுத்த கப்பல்லயும் சேதி இல்லன்னா ஆத்துல முழுவி தாலிய எறக்கிருங்க."

எறக்குனா அப்புறம் பூவு கெடையாது, பொட்டு கெடையாது, சொந்தப் புள்ள கல்யாணத்துல கூட ஓரமாத்தான் நிக்கணும். அஞ்சு பேருல மூத்தவ தைலம்மை. அவளுக்கே முப்பது ஆவல.

அடுத்த கப்பல் வந்துச்சு. உத்தண்டி மட்டும் வந்தான். காலு ரெண்டும் யானைக்காலா வீங்கி, மிச்ச ஒடம்பு வத்தி, பாதி யானை பாதி கொக்குன்னு வந்து சேந்தானாம். அஞ்சு பொம்பளையும் ஓடி வந்தாங்களாம். கப்பல் வருதுன்னு அஞ்சு பேரும் தலை நெறைய பூ வச்சிருந்தாங்களாம்.

"எங்கடா தம்பி எங்க வூட்டு ஆளுங்க?"

வாயத் தொறந்தானாம். மூடுனானாம். அந்தப் பூவயே பாத்தானாம். அப்புறம் சொன்னானாம், "நல்லா இருக்காங்க அண்ணி. ஆனா வரமாட்டாங்க. அங்கங்க ஒருத்திய சேத்துக்கிட்டாங்க."

"அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும்தான்."

தெருவே அதிருச்சாம். குஞ்சம்மான்னு ஒருத்தி, அவ புருசனுக்கு முன்பல்லு நாலும் கெடையாது. அவ கேட்டாளாம், "அந்த மூஞ்சிக்கு ஒருத்தி வந்தாளா?"

"வந்தா அண்ணி."

"செவப்பா இருப்பாளா?"

"செவப்புதான்."

"நல்லா ஆக்கிப் போடுவாளா?"

"எங்க, சோத்துல உப்பு போடவே தெரியாது."

"வேணும் அவனுக்கு"ன்னு முந்தானைய ஒதறிட்டுப் போனாளாம். மத்தவங்க மண்ண வாரித் தூத்துனாங்களாம். ஆனா ஒருத்தியும் தாலிய எறக்கல. புருசன் அடுத்தவகிட்ட போனதுக்கெல்லாம் யாரு தாலி எறக்குறா? பெரியவங்களும் வாயப் பொத்திக்கிட்டாங்க.

கெட்டது உத்தண்டி பேருதான். "கூட இருந்து வேடிக்கை பாத்தியே, அஞ்சு குடும்பத்தக் கெடுத்தியே"ன்னு துப்புனாங்களாம். கல்யாணம் காட்சிக்குக் கூப்புடல. பொண்ணு கேட்டுப் போன எடத்துலல்லாம் செருப்ப எடுத்தாங்களாம். சிரிச்சிக்கிட்டே திரும்பி வருவானாம்.

ஒரு ஆடி அமாவாசை. ஓடிப்போன ஆட்டத் தேடிக்கிட்டு தைலம்மை ஆத்து வளைவுக்குப் போயிருக்கா. அங்க யாரும் வரமாட்டாங்க, ஒரே கோரைக்காடு. உத்தண்டி தண்ணியில நிக்கிறான். கரையில வாழை எலை. எலையில ஆறு எள்ளுச் சோத்து உருண்டை. ஒரு உருண்டைகிட்ட சுருட்டு ஒண்ணு. எங்க பூட்டன் பெரிய சுருட்டுக்காரராம்.

செத்தவங்களுக்குத்தானே உருண்டை வைப்பாங்க. அவன் உருண்டை வைக்க வேண்டியது அவங்கப்பா ஒருத்தருக்குத்தான். அவரு செத்ததும் ஊருல, இவன் சயாம்ல கெடந்தப்ப.

திரும்பிப் பாத்தான். தைலம்மை நிக்கிறா.

"என்ன தம்பி, அப்பாவுக்கா?"

"ஆமா அண்ணி."

"ஒங்கப்பாவுக்குப் பசி சாஸ்தி போலருக்கு."

"ஆமா அண்ணி."

குனிஞ்சு அந்தச் சுருட்டப் பாத்தாளாம்.

"சாவுறப்ப ஒங்கப்பாவுக்கு யாரு தண்ணி ஊத்துனா?"

"நாந்தான் அண்ணி ஊத்துனேன்."

"போதும்"னாளாம். ஆட்ட மறந்துட்டு வூட்டுக்கு வந்தாளாம். அடுப்பப் பத்த வைக்கல. கதவச் சாத்திக்கிட்டு, முந்தானையச் சுருட்டி வாயில வச்சிக்கிட்டு அழுதாளாம், மாமியா காதுல வுழுந்துறாம. மறுநாள் காலையில தலைக்கு ஊத்தி, பொட்டு வச்சி, வாசலுக்கு வந்தாளாம். உத்தண்டி அந்தப் பக்கம் போனான். தெருவே கேக்குற மாதிரி, "அந்தாளு சேதி ஏதும் வந்துச்சாடா?"ன்னு அதட்டிக் கேட்டாளாம்.

வருசங்க போச்சு. உத்தண்டி செத்தான். பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. கொள்ளி வைக்க நாதி இல்லன்னு பொணம் கெடக்குது. தைலம்மை மவனப் புடிச்சி இழுத்தாளாம். "போய் வைடா."

"அந்தக் குடி கெடுத்தவனுக்கா?"

"ஒங்கப்பனுக்கு வச்சவன்டா அவன்."

கெளம்பிப் போனாராம் எங்க பாட்டன். சுடுகாட்டுல பாத்தா, முன்னாலயே மொட்டை அடிச்சிக்கிட்டு நாலு பேரு நிக்கிறாங்களாம். மத்த நாலு வூட்டு மவனுங்க. குஞ்சம்மா மவனும் நிக்கிறான். அஞ்சு பொம்பளைக்கும் தெரிஞ்சிருக்கு. எப்ப, எப்படின்னு ஒருத்தி ஒருத்திகிட்ட சொல்லிக்கல. ஒருத்தி சொன்னாலும் எல்லாருக்கும் தாலி எறங்கிருமே.

அவன் போன பொறவாவது எறக்குவோமான்னு ஒருத்தி கேட்டாளாம். தைலம்மை சொன்னாளாம், "இது நடேசன் கட்டுனது. ஆனா கழுத்துல நிக்க வச்சது அவன். நான் எறக்கமாட்டேன்." அஞ்சு பேரும் பூவோட பொட்டோடதான் போனாங்களாம்.

அந்தத் தாலிங்க இன்னும் எங்க தெருவுல இருக்கு. பஞ்சம் வந்தப்பவும் அடகு வைக்கல. எந்த வூட்டுல கல்யாணம்னாலும் அதுலேருந்து ஒரு குண்டு எடுத்து புதுத் தாலியில கோத்துத்தான் கட்டுவோம். ஆத்து வளைவுக்குப் பேரு புளுகன் துறை. ஆடி அமாவாசைக்கு அஞ்சு வூட்டு ஆம்பளைங்களும் அங்கதான் எறங்குவோம். திதி செஞ்சு வைக்கிறவரு, "உத்தண்டி ஒங்களுக்கு என்ன மொறை?"ன்னு வருசா வருசம் கேப்பாரு.

அஞ்சு வூட்டுக்காரனும் "எங்க தாத்தா"ன்னு புளுகுவோம்.