அறுபத்தோராவது கண்ணி

கம்பளி நூலை வெந்நீரில் நனைக்கக் கூடாது. வெதுவெதுப்பாக இருக்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது. இந்த விசாரணைக்கு இது தேவையில்லாத தகவல் என்று தலைவி அம்மா நினைக்கலாம். ஆனால் போன வருடம் அவர் பின்னிக் கொண்டுவந்த சால்வை, துவைத்த பிறகு பொம்மைக்குப் போர்த்தும் அளவுக்குச் சுருங்கிப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். 'புது டிசைனா' என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். இன்று உண்மை பேசுவதற்காகவே என்னைக் கூப்பிட்டிருப்பதால், அங்கிருந்தே தொடங்கிவிடலாம் என்று தோன்றியது.

உங்கள் கடிதம் கிடைத்தது. 'நகரப் பின்னற்கலை வளர்ச்சி மன்றம், ஒழுங்குக் குழு' என்று தங்க எழுத்தில் அச்சடித்த தாள். மன்றத்தில் மொத்தம் பதினொரு பேர். அதில் ஒரு தலைவி, நான்கு துணைத் தலைவர்கள், ஒரு செயலாளர், ஒழுங்குக் குழுவுக்கென்று தனியாக நான்கு பேர். வெறும் உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ள நான் ஒருத்திதான் மிச்சம். தையல் மெஷின் கடைக்கு மேலே இருக்கும் இந்த அறையில், என் ஒருத்தியின் ஒழுங்கைக் காக்க இத்தனை நாற்காலி போட்டிருப்பது எனக்குப் பெருமைதான்.

கடிதத்தில் கேள்வி ஒன்றுதான். கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய என் வெள்ளை லேஸ் ஸ்கார்ஃபில் மூன்று வரிசைகளில் நீளமான நரைமுடி ஊடுருவி ஓடுகிறது. தலைவி அம்மா பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். பதினான்காம் விதிப்படி படைப்பு முழுவதும் போட்டியாளரின் கைவேலையாக இருக்க வேண்டும். 'தங்கள் முடி கறுப்பாயிற்றே, விளக்கம் தரவும்' என்று கேட்டிருக்கிறீர்கள். என் முடி கறுப்பு என்று ஒரு குழுவே தீர்மானம் போட்டு நம்புவது சந்தோஷமாக இருக்கிறது. எனக்குச் சாயம் போட்டுவிடுகிற பையனுக்கும் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் அந்த முடி என்னுடையது இல்லை. என் தங்கையுடையது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான்கு தெரு தள்ளி இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள், நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. என்னைவிட நன்றாகப் பின்னுவாள். இதைச் சொல்ல எனக்கு வருத்தமே கிடையாது. மன்றத்தில் சேரச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டேன். 'பதினோரு பேர் உக்காந்து ஊர்வம்பு பின்றதுக்குப் பேர்ப்பலகை எதுக்குக்கா?' என்றாள். அவள் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. சின்ன ஆபரேஷன். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு மாதம் எண்கள் மட்டும் குழம்பின. ஏழுக்குப் பிறகு ஒன்பது என்பாள். என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கணவர் போனதிலிருந்து அந்த வீட்டில் குக்கர் ஒரு விசிலுக்கு மேல் கேட்டதில்லை. இப்போது இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், வேளாவேளைக்கு மாத்திரை. யாராவது என்னைப் பார்த்தால் நின்று பேசினார்கள். தலைவி அம்மா ஆண்டு விழாவில் என்னைத் 'தியாகச் சுடர்' என்று முப்பது நிமிடம் புகழ்ந்து ஒரு ஸ்வெட்டர் பரிசளித்தார். பின்னல் மன்றம் கொடுத்த ஸ்வெட்டரில் மில் சீட்டு ஒட்டியிருந்தது. பரவாயில்லை. நான் அதைக் கழற்றவே இல்லை, வெயிலிலும் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

டாக்டர்தான் ஆரம்பித்தார். எண்ணிக்கை உள்ள கைவேலை ஏதாவது செய்யட்டும் என்றார். லேஸ் பின்னட்டுமா என்று பாப்பா கேட்டாள். 'தாராளமா. ஆரம்பத்துலேர்ந்து கடைசிவரைக்கும் கணக்குத் தப்பாம முடிச்சுக் கொண்டாங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன், நீங்க உங்க வீட்டுக்குப் போயிடலாம்' என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னது. அவள் சிரிக்கவில்லை.

ஸ்கார்ஃபின் கணக்கு ரொம்ப எளிது. ஒரு வரிசைக்கு அறுபத்தொரு கண்ணி. இருபத்துநான்கு வரிசை சேர்ந்தால் ஒரு இலை. மொத்தம் பன்னிரண்டு இலை. நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி ஓரிடத்தில் துளை விட்டால், இன்னோரிடத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். கூடுவதும் குறைவதும் சரிக்குச் சரி. அதனால் எந்த வரிசை முடிவில் எண்ணினாலும் அறுபத்தொன்றுதான் வர வேண்டும். அறுபது வந்தால் எங்கேயோ ஒரு துளையை மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

முதல் மூன்று இலைக்கு அவளுக்கு ஆறு வாரம் ஆயிற்று. நான்காவதும் ஐந்தாவதும் பத்தே நாளில் முடிந்தன, ஒரு பிசகும் இல்லை. ஐந்தாவது இலை முடிந்த அன்று காலையில் சமையலறைக்கு வந்து நின்றாள்.

'அக்கா, என் வீட்டுச் சாவிய எங்க வெச்சிருக்க?'

'எதுக்குடி இப்ப?'

'செடியெல்லாம் செத்திருக்கும். எத்தனை தொட்டின்னு எண்ணிப் பாத்தேன். பதினெட்டு. சரியா?'

சரிதான். பதினெட்டுத் தொட்டி.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு போடும் மாத்திரை அவளை இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை தூங்கவைத்துவிடும். அன்று இரண்டேகாலுக்கு அவள் ஊசியைக் கையில் எடுத்தேன். கடைசி வரிசையில் துளைக்காகச் சுற்றிய ஒரே ஒரு கண்ணியை முனையிலிருந்து நழுவ விட்டேன். தளர்ந்த நூலைப் பக்கத்துக் கண்ணிகளுக்கு ஒவ்வொன்றாக இழுத்துப் பகிர்ந்துவிட்டேன். அங்கே ஒரு துளை இருந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆனால் பின்னுவதைவிட அதற்குக் கை நிதானம் அதிகம் வேண்டும். இந்த அறையில் இரண்டு பேரால்கூட முடியுமா என்பது சந்தேகம்.

எழுந்து வந்து எண்ணினாள். அறுபது. மறுபடி எண்ணினாள். பிறகு ஊசியை மடியில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரிசெய்வது அரை நிமிட வேலை என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். குறுக்கே ஓடும் நூலை முனையால் தூக்கி மாட்டிவிட்டாள், இலை பழையபடி வந்துவிட்டது. கண்ணியைத் திருத்தத் தெரிந்தவளுக்கு, அது தன் தவறு என்ற நினைப்பைத் திருத்தத் தெரியவில்லை. அன்று சாவியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. நான் இரவுச் சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடித்ததாகவே செய்தேன்.

தினமும் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை, அதிகம் போனால் மூன்று. அவள் கலகலப்பாக இருக்கும் நாளில் மட்டும். மற்ற நாட்களில் அதற்குத் தேவை இருக்கவில்லை, ஏனென்றால் அவளே தன்னைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டாள். படியை எண்ணுவாள், மாத்திரையை எண்ணுவாள், சட்டைப் பொத்தானை எண்ணுவாள். அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை வந்து பார்ப்பாள். கத்தரிக்கோல், தையல் ஊசி, நூல் பெட்டி எல்லாவற்றையும் பத்திரத்துக்காக என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வாசல் கதவை நானாகப் பூட்டவில்லை. 'பூட்டிக்கோக்கா, நான் பாட்டுக்கு எங்கயாவது போயி நின்னுடப் போறேன்' என்று அவள்தான் சொன்னாள். அவள் சொன்னதால் பூட்டினேன். அதன்பிறகு அவள் உலகம் கூடம், குளியலறை, ஜன்னலோர நாற்காலி என்று ஆயிற்று. சாவி என் இடுப்பில் இருந்தது. பார்க்கப்போனால், அவளை விட்டு நானும் எங்கேயும் போக முடியவில்லை. இதை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை.

இப்போது முடி விஷயத்துக்கு வருகிறேன், தலைவி அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

எண்ணிக்கை சரியாக இருக்கும் ஒரு வரிசையில், எல்லாக் கண்ணிக்குள்ளும் மெல்லிய நூல் ஒன்றை ஓடவிட்டு வைப்பது லேஸ் பின்னுகிறவர்களின் வழக்கம். மேலே தப்பு நடந்தால் அதுவரை பிரித்தால் போதும், நூல் பிடித்துக்கொள்ளும். இதைப் பற்றித் தலைவி அம்மா 'பாதுகாப்பு இழையின் தத்துவம்' என்று இரண்டு மணி நேரம் படம் போட்டு விளக்கினார். தத்துவமெல்லாம் ஒன்றுமில்லை. தப்பு செய்வோம் என்ற பயம், அதற்கு ஒரு நூல். ஆனால் நூல் பெட்டி என் அலமாரியில் இருந்தது. பாப்பா சீப்பில் சிக்கிய தன் முடியைச் சேர்த்துவைத்து, கொண்டை ஊசியின் வளைவில் மாட்டி, ஒவ்வொரு கண்ணியாகக் கோத்திருக்கிறாள். வெள்ளை நூலுக்குள் நரைமுடி. என் கண்ணாடிக்கும் அது தெரியவில்லை.

பதினோராவது இலையின் கடைசி வரிசையில், நான் நழுவவிட்ட கண்ணி இறங்க மறுத்தது. கம்பளிப் பிசிறு ஒட்டிக்கொண்டது என்று நினைத்து லேசாக இழுத்தேன். ஏதோ அறுந்தது. காதுக்குக் கேட்கவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் டாக்டரிடம் போனோம். பாப்பா ஸ்கார்ஃபைப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தாள். ரொம்ப அமைதியாகத்தான் பேசினாள்.

'டாக்டர், அறுபத்தொண்ணும் எண்ணி, முடியக் கோத்து வெச்சுட்டுத்தான் மாத்திரை போட்டேன். எழுந்து பாத்தா அறுபது இருக்கு. முடி இந்த எடத்துல அறுந்திருக்கு. நான் தூங்கறப்ப யாரோ இதத் தொட்டிருக்காங்க.'

'வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?'

'நானும் அக்காவும்தான்.'

டாக்டர் என்னைப் பார்த்தார். 'எவ்வளவு நாளா இப்படிப் பேசறாங்க?'

'கொஞ்ச நாளாத்தான், டாக்டர். சீப்புலேர்ந்து முடிய எடுத்து எடுத்துச் சேத்து வெக்கறா' என்றேன்.

இரண்டும் உண்மை. நான் அந்த அறையில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குழு குறித்துக்கொள்ள வேண்டும். பாப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். 'அக்கா, நீயா?' என்றாள். நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். அவள் கையை உதறிக்கொண்டு கத்தினாள். அவள் கத்தி நான் பார்த்ததே இல்லை, டாக்டரும் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னார் அல்லவா, போட்டார். வேறு தாளில்.

மனநலக் காப்பகம் நல்ல இடம். சுத்தமாக இருக்கிறது. ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள். பின்னல் ஊசி அனுமதி இல்லை. அதனால் ஸ்கார்ஃபை நான் கொண்டுவந்து பன்னிரண்டாவது இலையைப் பின்னி முடித்தேன். லேஸ் ஊசியிலிருந்து இறங்கும்போது கசங்கிய கந்தல் மாதிரிதான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மெத்தையில் விரித்து, நாலு பக்கமும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால்தான் இலை இலையாக விரியும். அப்படியே செய்தேன். கீழ் வரிசைகளில் அவள் இன்னும் மூன்று முடி விட்டுவைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நடுவர் பேசும்போது பன்னிரண்டாவது இலையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் புகழ்ந்தார். அதை நான் கவனித்தேன்.

'இவ்வளவு கதை வேண்டாம்மா. குழு கேக்கறது முடியப் பத்தி மட்டும்தான். வீட்டு விவகாரம் நம்ம வரம்புல வராது' என்று தலைவி அம்மா இப்போது சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். வரம்புக்குள் பதில் சொல்லிவிடுகிறேன். பதினோரு இலை என் தங்கையுடையது. கடைசி இலை என்னுடையது. விதி மீறப்பட்டது. கோப்பையைச் செயலாளரின் மேசையில் வைத்துவிட்டேன், துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

மற்றபடி அவளைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். அவள் என்னோடு பேசுவதில்லை, ஆனால் நர்ஸம்மா எல்லாம் சொல்கிறார். ஜன்னல் கம்பி, தரையில் பதித்த கல், தாழ்வாரத்து விளக்கு என்று தினமும் எண்ணுகிறாளாம். எண்ணியதைத் தேதி போட்டு எழுதி, நர்ஸம்மாவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறாளாம். டாக்டரிடம் கொடுக்க வேண்டுமாம். நர்ஸம்மா பாவம், குடும்பத்தார் வழியாகப் போவதுதான் முறை என்று அந்தத் தாள்களை என்னிடம் கொடுத்துவிடுகிறார். நான் நூல் பெட்டியில், அவள் வீட்டுச் சாவிக்குப் பக்கத்தில், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்றுவரை நூற்றுநாற்பது தாள் ஆகிறது. ஒரு தாளில்கூட எண்ணிக்கை தப்பவில்லை. என் கவனிப்பில் இருந்தால் சரியாகிவிடுவாள் என்று நான் முதல் நாளே சொன்னேன்.