பதினேழு மேலட்டைகள்

மேடையில் வீற்றிருக்கும் நூலகத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் அக்கா அவர்களே, கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

மறைந்தவர் என் அத்தான். நம் ஊர் அச்சகத்தின் தலைமைப் பிழைதிருத்துநர். 'பிரெஞ்சுப் புலி' என்று ஊரே அழைத்த மனிதர். அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்ததே நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது, இருந்தாலும் முடித்து வைத்த பேச்சு என்னுடையது.

முப்பது ஆண்டுகளாக அவர் என்ன சேர்த்தார்? நிலமா? நகையா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர்கள், சக எழுத்தாளர்களை எழுத்தாலேயே வரைந்த உருவப்படங்கள். அவற்றின் முதல் பதிப்புகள். ஒவ்வொன்றும் மூன்று கப்பல் மாறி வந்தது. தபால்கட்டைப் பிரிக்கும்முன் மூன்று முறை கைகழுவுவார்.

ஒருநாள் நானே கேட்டேன். "என்ன அத்தான், மேலட்டை சருகு மாதிரி இருக்கு? நல்லதா ஒண்ணு மாத்திடலாமே?"

"மாப்ளே, இந்தச் சருகு இருந்தாத்தான் முதல் பதிப்பு முழுசு. இதக் கிழிச்சா தோல உரிச்ச மாதிரி."

அன்று முதல் இந்த ஊரில் அது தெரிந்த இரண்டாவது ஆள் நான்.

சாகும்முன் பதினேழு நூல்களை இந்த நூலகத்துக்குக் கொடுத்தார். நேற்று வந்து பார்க்கிறேன். பதினேழும் பச்சை ரெக்சினில், தங்க எழுத்தோடு மினுக்குகின்றன. செயலாளர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"உருவப்படம்னு சொன்னீங்க, ஒரு படம்கூட இல்லையே சார். வெறும் எழுத்து. சரி, இரங்கல் கூட்டத்துக்கு லட்சணமா இருக்கட்டும்னு பைண்டிங் போட்டுட்டோம்."

"மேலட்டை எங்கய்யா?"

"அந்தப் பழைய தாளா? பைண்டர் கிழிச்சிட்டாரு."

கிழித்துவிட்டாராம். செயலாளர் அவர்களே, தலையைக் குனியாதீர்கள். என் அக்காவை நிமிர்ந்து பாருங்கள். எந்தக் கையால் அத்தான் படத்துக்கு மாலை போட்டீர்கள்? அந்தக் கையால் ஒரு நூலையாவது திறந்து படித்தீர்களா? படித்தவரிடமாவது கேட்டீர்களா? என்னைக் கேட்டிருக்கலாமே, பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறேன்.

மேடையேறும்முன் பைண்டருக்குப் போன் போட்டேன். "கழிவுத்தாள் சாக்குல கெடக்குங்க, ஆறு மணிக்கு வண்டி வந்து அள்ளிடும்" என்கிறார். இப்போது மணி ஐந்து இருபது.

அத்தான் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் நாலு பேர் பேசினீர்கள். தொடரலாம், எழுந்திருங்கள். கடை இரண்டு தெரு தள்ளித்தான். சாக்கைக் கொட்டினால் முதலில் உட்கார்ந்து பொறுக்க வேண்டியவர் செயலாளர்.

மௌன அஞ்சலியை நடந்துகொண்டே செலுத்தலாம்.